கிடக்கட்டும் ஒரு சுற்று

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அக்கா பையன் பத்து நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வந்த அன்றைக்கே என் கம்ப்யூட்டரில் பால்டர்ஸ் கேட் 3 என்கிற ஆட்டம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தவன், மத்தியானம் வட்டலில் போட்டு வைத்த அரிசிம்பருப்பு ஆறிப்போகும் வரைக்கும் ஆட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆளை உருவாக்குகிற திரையிலேயே நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு கிளாஸ் இருக்கிறது அதில். கிளாஸ் என்றால் நம் ஆள் என்ன வேலைக்காரன் என்பது. ஒவ்வொன்றாகச் சொடுக்குவான், கொம்பு வைப்பான், கொம்பை எடுப்பான், தலைமுடிக்கு நிறம் மாற்றுவான், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பான். கடைசியில் நாற்காலியைத் திருப்பினான்.

"ஏனுங் மாமா, நீங்க எதுங் எடுப்பீங்க?"

"கிளெரிக்."

"போங் மாமா. அது ஆசுபத்திரி வேலை. நான் சண்டை போட வந்திருக்கறனுங்க."

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருசமாக, எந்த ஆட்டமாக இருந்தாலும், கும்பலாகப் போய்ச் சண்டை போடுகிற கதை என்றால் நான் எடுப்பது இந்த ஒன்றைத்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. இவன் கேட்ட பிறகுதான் ரோசனை ஓட ஆரம்பித்தது.

ஆசுபத்திரி வேலை என்பது ஒருவகையில் சரி. கிளெரிக் என்பவர் சாமி கும்பிட்டு, அந்தச் சாமி கொடுக்கிற சக்தியில் மந்திரம் போடுகிற ஆள். காயம் ஆற்றுவது, நஞ்சு முறிப்பது, செத்தவரை எழுப்புவது எல்லாம் இவர் கணக்கில் வரும். எங்கள் வீட்டில் இதற்குப் பூசாரி என்று பேர். ஆனால் இந்தப் பூசாரி பிறந்த கதை வேறு. இந்த ஆட்டங்களுக்கெல்லாம் மூலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து போட்டது. மேசையில் தாளும் பென்சிலும் தாயக்கட்டையுமாக ஆடுவது. முதலில் வந்ததில் மூன்றே கிளாஸ்தான்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். கள்ளன்கூட அடுத்த வருசம்தான் வந்து சேர்ந்தான். அதற்கும் முன்னால், ஆர்னசன் தன் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் ஒருவர் காட்டேரியாக ஆடினார் என்றும், அந்தக் காட்டேரி மற்றவர்களால் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துபோனது என்றும், அதை மட்டுப்படுத்தத்தான் பேயோட்டுகிற பூசாரி ஒருவர் ஆட்டத்துக்குள் வந்தார் என்றும் சொல்வார்கள். 1974 விதிகளில் முதல் லெவல் கிளெரிக்குக்கு ஒரு மந்திரமும் கிடையாது. காயம் ஆற்றக்கூட முடியாது. பேயை விரட்டலாம், கதாயுதத்தால் மண்டையில் போடலாம். அவ்வளவுதான்.

ஆக, கூட ஆடுகிறவன் ஒருவன் துள்ளினால் அவனை உட்கார வைக்க வந்த ஆள்தான் இந்தப் பூசாரி. மருத்துவம் பின்னால் வந்தது. இதை அவனிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கத்திப் பேசுகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். "ஏனுங், பக்கத்துலதான இருக்கறேன்" என்று வீட்டுக்காரி இன்னமும் சொல்வாள். 2003ல் பெரியப்பா பையன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வரும்போது ஐந்து சிடி கொண்ட ஒரு கட்டு கொண்டுவந்தார். 1998 டிசம்பரில் வெளிவந்த முதல் பால்டர்ஸ் கேட். ஒரு சிடி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஊருக்குப் போனால் மூணாவது சிடியைப் போடு என்று கேட்கும். ஆறு பேர் கொண்ட கும்பல். நாம் ஒருவர், வழியில் சேர்கிறவர்கள் ஐந்து பேர்.

நானும் எல்லாரையும் போல முதலில் சண்டைக்காரனைத்தான் எடுத்தேன். ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் என்று ஒரு சத்திரம் வரும். அதன் படிக்கட்டில் ஒரு மந்திரவாதி நிற்பான். பேர் என்ன, ஊர் என்ன என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, நாம்தான் என்று தெரிந்ததும் மந்திரத்தை ஆரம்பிப்பான். முதல் லெவலில் பத்து ஹிட் பாயின்ட், அதாவது பத்து உயிர்ப் புள்ளி வைத்துக்கொண்டு மார்பை நிமிர்த்தி நின்ற என் சண்டைக்காரன், பயம் காட்டுகிற ஒரு மந்திரம் விழுந்ததும் புறமுதுகு காட்டி ஓடினான். ஓடுகிற முதுகிலேயே மந்திர அம்பு. இப்படி ஆறு தடவை செத்தேன். நாம் செத்தால் கும்பல் மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "சண்டைக்காரன எல்லாருந்தான்டா எடுப்பாங்க. பூசாரிய எடுத்துப் பாரு" என்றார்.

எடுத்தேன். ஆளை உருவாக்கும்போது ஞானத்துக்கு உரிய எண்ணைப் பதினெட்டுக்கு ஏற்றினால் முதல் லெவலிலேயே மூன்று மந்திரம் கிடைத்தது. அதில் ஒன்று கட்டளை. ஒரே ஒரு சொல்தான் சொல்வார் பூசாரி. எதிரில் நிற்கிறவன் ஒரு சுற்றுக்குச் சாய்ந்துவிடுவான். அதே படிக்கட்டு, அதே மந்திரவாதி. வாயைத் திறந்தான். நான் ஒரு சொல் சொன்னேன். தடாலென்று விழுந்தான். எழுவதற்குள் கூட வந்த இமோயனின் அம்பும் என் கதாயுதமும் போய்ச் சேர்ந்தன. "அவ்வளவுதான்டா" என்று சொல்லிவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த லெவல்களில் ஆளை அசையவிடாமல் நிறுத்துகிற மந்திரம் வந்தது. ஒரு வட்டத்துக்குள் சத்தமே எழாமல் செய்கிற மந்திரம் வந்தது. அதைப் போட்டுவிட்டால் எவ்வளவு பெரிய மந்திரவாதியும் வாயை அசைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதையெல்லாம் பார்த்த பிறகு காயம் ஆற்றுகிற மந்திரத்தை நான் கொஞ்ச காலம் மதிக்கவே இல்லை. பழைய விதிப்படி கிளெரிக்குக்கு வெட்டுகிற, குத்துகிற ஆயுதம் எதுவும் ஆகாது. கதாயுதம், சம்மட்டி, கவண், இப்படித்தான். கவணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சோளக்காட்டில் பரண் மேல் நின்றுகொண்டு கிளி ஓட்டக் கவணும் கல்லும் வைத்திருந்த ஊர்க்காரனுக்கு, டிராகன் வருகிற ஆட்டத்தில் அதே கவணைக் கொடுக்கிறார்கள்.

செத்தவரை எழுப்புகிற விசயத்துக்கு வருகிறேன். அந்த முதல் பாகத்தில் அனுபவப் புள்ளிகளுக்கு 89,000 என்று வரம்பு. அதற்குள் கிளெரிக் ஏழாவது லெவல்தான் எட்ட முடியும். எழுப்புகிற மந்திரத்துக்கு ஒன்பதாவது லெவல் வேண்டும். அதனால் கும்பலில் ஒருவர் செத்தால் பூசாரி பக்கத்திலேயே நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஊருக்குப் போய்க் கோயிலில் காசு கட்ட வேண்டும். செத்தவர் போட்டிருந்த கவசம், வாள், வாங்கி வைத்த மருந்து எல்லாம் தரையில் கொட்டிக் கிடக்கும். அதை மற்றவர்கள் பொறுக்கிச் சுமக்க வேண்டும். பாரம் கூடினால் நடை சுணங்கும். ஒரு ஆள் போனால் மீதி ஐந்து பேரின் நடையும் மாறிப்போவதை இவ்வளவு வெறுமையாக வேறு எந்த ஆட்டமும் எனக்குக் காட்டியதில்லை. இரண்டாம் பாகம் 2000ல் வந்தது. அதில்தான் என் பூசாரி முதன்முதலில் ஒருவரை எழுப்பினார். எழுந்தவருக்கு ஒரே ஒரு ஹிட் பாயின்ட். ஒரு எலி கடித்தால் மறுபடி போய்விடுவார். அப்படித் தள்ளாடி நின்றவரைப் பார்த்தபோது எனக்கு ஊர்க்கோயில் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் அண்ணன்மார் சாமியைத் தெரியாத ஊர் இல்லை. பொன்னர், சங்கர், தங்கை தங்காள், கூடவே சாம்புகன். உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். அண்ணன் நிதானம், தம்பி ஆத்திரம், முன்கூட்டியே எல்லாம் தெரிந்த தங்கை, எதற்கும் முன்னால் போய் நிற்கிற சாம்புகன். இந்தக் கும்பலில் யாருக்கு எந்த கிளாஸ் என்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் விடிய விடியப் பேசலாம். அது இன்னொரு நாளைக்கு. சின்ன வயசில் ஆத்தா என்னைக் கூட்டிப் போகும். பாட்டு ஓடும்போது அதன் மடியில் தூங்கிவிடுவேன். படுகளத்துக்கு மட்டும் தட்டி எழுப்பிவிடும்.

அண்ணன்மார் மாண்டு விழுந்த இடம்தான் படுகளம். சாமி வந்து ஆடுகிற ஆம்பளைகள் ஒவ்வொருவராகத் தரையில் விழுவார்கள். விழுந்தவர்கள் கட்டையாகக் கிடப்பார்கள், துணியைப் போர்த்திவிடுவார்கள். அந்த வருசம் விழுந்து கிடந்தவர்களில் எங்கள் பெரியப்பாவும் ஒருவர். வரிசையில் ஐந்தாவது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எனக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுத்தவர் கண் மூடி அசையாமல் கிடக்கிறார். பிறகு தங்காளாக நிற்கிற பெண் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தாள். முதல் ஆள் எழுந்தார். அடுத்து இரண்டாவது ஆள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "ஆத்தா, பெரியப்பனுக்கு மொதல்ல தெளிக்கச் சொல்லு" என்று அழுதேன்.

"வரிசைப்படிதான்டா கண்ணு வரும்."

நாலாவது ஆளிடம் அவள் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் அந்தச் சின்ன செம்பு வைத்திருந்த கையைத் தவிர ஊரில் வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அரிவாள் வைத்து ஆடினவர்கள் அத்தனை பேரும் கீழே கிடந்தார்கள்.

எங்கள் பக்கம் பாடுவதில், தங்காள் எழுப்பிய அண்ணன்மார் நிலைக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு மறுபடி போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் ஆட்டங்களிலும் இந்தக் கடுமை முன்பு இருந்தது. 1981ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த விசார்ட்ரியில் ஆறு பேர், முன் வரிசையில் மூன்று, பின் வரிசையில் மூன்று. செத்தவரை எழுப்ப முயன்று தவறினால் அவர் சாம்பலாகிவிடுவார். சாம்பலை எழுப்ப முயன்று அதுவும் தவறினால் அந்த ஆளின் பேரே பட்டியலில் இருந்து போய்விடும். மாதக் கணக்கில் வளர்த்த ஆளாக இருந்தாலும் அதே கதைதான். நான் அந்த ஆட்டத்தை ரொம்பப் பிற்பாடுதான் ஆடினேன். இரண்டு பேரைச் சாம்பலாக்கியிருக்கிறேன். கோயிலில் காசைக் கட்டிவிட்டு அந்த வரி திரையில் வரும் வரைக்கும் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பது ஒரு தனி அனுபவம்.

மற்ற கிளாஸ்களை ஆடாமல் இதைச் சொல்லவில்லை. மந்திரவாதி ஆரம்பத்தில் நாலு ஹிட் பாயின்ட்டும் ஒரு குச்சியுமாக அலைவான், கடைசியில் அவன் ஒருவனே ஊரை எரிப்பான். இரண்டு நிலையுமே எனக்குச் சலிப்பு. கள்ளன் பொறியை எடுக்கத் தேவை, மற்றபடி அவனோடு பேச ஒன்றும் இல்லை. பாலடின் என்கிற தர்ம வீரன், தான் நல்லவன் என்பதை அவனே சொல்லிக்கொண்டு திரிவான். பார்ட் என்கிற பாட்டுக்காரனை ஒரு ஆட்டம் முழுக்க ஆசையாக ஆடினேன், உடுக்கைக்காரரை நினைத்துக்கொண்டு. பழைய ஆட்டங்களில் அவன் பாடினால் வேறு எதுவும் செய்ய முடியாது, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு கிளாஸைப் பற்றி மட்டும் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற மாப்ளையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1988ல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் 3ல் வியாபாரி என்று ஒரு கிளாஸ் உண்டு. சண்டை முடிந்ததும் கூடுதலாகக் காசு எடுப்பான், பொருளைப் பார்த்து விலை மதிப்பான். நடுவில் ஓர் இடத்தில் ஒரு கிழவர், ஊர் கட்ட ஒரு வியாபாரியை விட்டுவிட்டுப் போங்கள் என்பார். விட்டுவிட்டுப் போனால் வெறும் மண்ணாக இருந்த இடத்தில் கடை வரும், வீடு வரும், ஊரே வரும். கடைசியில் அவன் ஆட்களைப் போட்டு வாட்டுகிறான் என்று ஊர்க்காரர்களே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். மாப்ளை முழுக்கக் கேட்டுவிட்டு, "கரெக்டாத்தான எழுதியிருக்கறான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுத் தறியை அப்பா ஓட்டினார் என்றுதான் ஊரில் சொல்வார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் தாரை எட்டுத் தறிக்கும் சுத்திப் போட்டது அம்மா. ஒரு தார் சில நிமிசத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் அந்தத் தறி நிற்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் எட்டில் மூன்றுதான் ஓடும். சண்டை போட்ட நாளிலும் மூன்றுதான் ஓடும். எந்த மூன்று என்பதை அம்மாதான் வைக்கும். அப்பா நடக்கிற பாதைக்குத் தூரமாக, பட்டறையின் அந்தக் கடைசியில் இருக்கிற மூன்று தறியாகப் பார்த்துத் தார்ப் பெட்டியை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இதை எழுதும்போதுதான் ஒரு சங்கதியை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3ஐ நாலு பேர் சேர்ந்து ஆடலாம். அந்த மாப்ளை, பெங்களூரில் ஒரு கூட்டாளி, துபாயில் ஒரு கூட்டாளி, நான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருவோம். நான் கிளெரிக். நான் நல்லவன், விட்டுக்கொடுக்கிறவன், யாரும் எடுக்காத வேலையைத் தலையில் போட்டுக்கொள்கிறவன் என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்ளை பார்பேரியன், வெறியோடு பாய்ந்து அடிக்கிற கிளாஸ். திட்டம் பேசி முடிப்பதற்குள் ஓடிப்போய் நடுவில் குதிப்பார். நாலு பேர் சுற்றி வளைத்து அடிப்பார்கள், விழுவார். விழுந்தவர் உடனே சாக மாட்டார். எல்லாரும் ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தாயம் உருளும், மூன்று தடவை தவறினால்தான் சாவு. "சாமி, தூக்கி உடு, தூக்கி உடு" என்று காதில் கத்துவார். தூரத்தில் இருந்தே ஒரு சொல் சொன்னால் எழுந்துவிடுவார். முழு முறைகூடச் செலவாகாது, கூடுதலாகக் கிடைக்கிற சின்ன முறையே போதும்.

நான் உடனே சொல்ல மாட்டேன். எப்போதும் இல்லை, சில நேரம். முதல் தாயம் உருளட்டும் என்று ஒரு சுற்று விட்டுவிடுவேன். கேட்டால், அந்தப் பக்கம் வில்லாளி இருந்தான், அவனைப் பார்க்க வேண்டியிருந்தது என்பேன். வில்லாளி இருந்தது உண்மைதான். ஆனால் அதற்காக இல்லை. அடுத்த சண்டையில் மாப்ளை என் வார்த்தைக்குக் காத்திருக்கிறார். இருபது வருசம் பூசாரியாக இருந்து நான் கண்ட சுகம் இதுதான். யாருக்கு முதலில் தீர்த்தம் என்பது என் கையில் இருக்கிறது. அக்கா பையன் அதை ஆசுபத்திரி வேலை என்கிறான்.

அவன் சும்மா சொல்லவில்லை, கணக்கோடுதான் வந்தான். இரண்டாவது நாள் என்னை உட்கார வைத்துக் காட்டினான். இந்த ஆட்டத்தில் மருந்து பாட்டிலைக் குடிக்கத்தான் வேண்டும் என்று இல்லை. தூக்கி எறிந்தால் உடைகிற இடத்தில் நிற்கிற எல்லாருக்கும் காயம் ஆறும். சண்டைக்காரனே எறியலாம். "அப்பறம் எதுக்குங் மாமா ஒரு ஆள வீணாக்கோணும்?" செத்தவரை எழுப்புகிற சுருள் தனியாகக் கிடைக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆற்றுவதற்காக மட்டும் ஓர் ஆள் என்றால் அந்த இடம் வீண்தான், ஒத்துக்கொண்டேன்.

நான் திருப்பிச் சொன்னது ஆசி மந்திரத்தை. முதல் லெவல் மந்திரம், மூன்று பேருக்குப் போடலாம். அவர்கள் இருபது முகத் தாயத்தை உருட்டி அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் நாலு முகத் தாயம் ஒன்று கூடச் சேரும். சராசரி இரண்டரை. இருபதில் இரண்டரை என்றால் எட்டில் ஒன்று. தவறியிருக்க வேண்டிய ஒரு வெட்டு ஏறக்குறைய எட்டு வெட்டுக்கு ஒருமுறை விழுகிறது. வெட்டினவன் தன் கைத்திறமை என்றுதான் நினைத்துக்கொள்வான். அவர்கள் மேல் வருகிற மந்திரத்தைத் தாங்குவதிலும் அதே கூடுதல். ஒரே நிபந்தனை, பூசாரியின் கவனம் சிதறக் கூடாது. அவர் மேல் அடி விழுந்தால் அதையும் தாயம் உருட்டித்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே அவரைப் பின்னால் நிறுத்தி, அவருக்கு அடி விழாமல் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது மொத்தக் கும்பலும் எங்கே நிற்பது என்பதே அவரை வைத்துத்தான். ஐந்தாவது லெவலில் காவல் ஆவிகளைத் தன்னைச் சுற்றிச் சுழல விட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தே போவார், பக்கத்தில் வருகிறவன் எல்லாம் வெந்துபோவான். இதை அவனுக்கு விரிவாக, கொஞ்சம் கத்தியே சொன்னேன்.

"செரிங் மாமா" என்றான். சரி என்று சொல்லிவிட்டுப் பார்பேரியனை எடுத்தான்.

அந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே ஷேடோஹார்ட் என்று ஒரு பெண் கூட வந்து சேர்வாள். கிளெரிக். நாம் எதை எடுத்தாலும் பூசாரி இல்லாமல் போகக் கூடாது என்று ஆட்டம் செய்தவர்களே வைத்த ஏற்பாடு என்று நினைக்கிறேன். அது போதும், அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுப் பொழுதோட வேலை முடிந்து வந்தேன். பையன் முகத்தில் அப்படி ஒரு களை.

"மாமா, அந்த எலும்புக்கூட்டுத் தாத்தா இருக்காருல்லீங்க, நூறு காசு கொடுத்தா யார வேணா எந்தக் கிளாஸுக்கு வேணா மாத்தித் தர்றாருங்க."

"ஆமா, வித்தர்ஸ். அதுக்கு என்ன?"

"அந்தப் பூசாரி அக்காவ ஃபைட்டரா மாத்திட்டனுங்க. இப்ப நாலு பேருமே அடிக்கறவங்கதான். பையில மருந்து பாட்டல் பதினொண்ணு இருக்குதுங் மாமா."

கோப்ளின் என்கிற குட்டிப் பூதங்களின் முகாமுக்கு இன்னும் போகவில்லையாம். நாளைக்குக் காலையில் போகிறானாம். எனக்கு நாளைக்கு வேலைக்குப் போகவே மனசில்லை.